நேர்ந்துகொண்ட அம்மா

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், ஹோசே ரிசாலுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர். கண் மருத்துவர், நாவலாசிரியர், 35 வயதில் ஸ்பானிய அரசு சுட்டுக் கொன்றவர். 1882, 1887, 1891, 1896 என நான்கு ஆண்டுகளில் அவர் ஏறிய கப்பல்கள் இந்த ஊரைத் தொட்டுப் போயிருக்கின்றன. அதனால்தான் அந்தச் சின்னம். ஆனால் இந்தக் கட்டுரை ரிசாலைப் பற்றியது இல்லை. அவரைப் பெற்ற தியோடோரா அலோன்சோவைப் பற்றியது.

தியோடோராவிடம் நான் வந்து சேர்ந்தது கொஞ்சம் சுற்றுவழி. எனக்கு வேலை துவாஸில். எங்க யார்டுல கூட வேலை பார்க்கிற பிலிப்பினோ ஒருவர் ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒரு மாதா படம் ஒட்டியிருப்பார். வேளாங்கண்ணி மாதா மாதிரி இருக்கே என்று ஒருநாள் கேட்டேன். இல்லை, இது அன்டிபோலோ மாதா, வெளியூர் போறவங்களைப் பார்த்துக்கிறவங்க என்றார். முதல்முறை சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது அவருடைய அம்மா அங்கே கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்த படமாம். அந்த மாதாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அங்கிருந்து ஒரு நேர்ச்சைக்குப் போய், அங்கிருந்து இந்த அம்மாவிடம் வந்தேன்.

முதலில் மாதாவின் கதை. முழுப்பெயர் 'அமைதிக்கும் நல்ல பயணத்துக்குமான அன்னை'. கரிய மரச்சிலை. 1626இல் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு வந்தது. கொண்டுவந்தவர் புதிய ஆளுநராகப் பொறுப்பேற்க வந்த ஹுவான் நீன்யோ தே தபோரா. பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு இந்தச் சிலைதான் காரணம் என்று நம்பினார்கள். அதற்குப் பிறகு, மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கலியன் கப்பல்களில் பல தடவை அதை ஏற்றி அனுப்பினார்கள். பசிபிக் பெருங்கடலைத் திரும்பத் திரும்பக் கடந்த சிலை அது. கடைசியில் மணிலாவுக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் அன்டிபோலோவில் தங்கிவிட்டது. இன்றும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள். புதிதாக வாங்கிய வண்டியைக்கூட அங்கே கொண்டுபோய் மந்திரித்து வாங்குகிறார்கள். நம்ம ஊரில் புது பைக்கின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது மாதிரி.

கடற்கரையில் வாழ்ந்த எல்லாருக்கும் இப்படி ஒரு துணை தேவைப்பட்டிருக்கிறது. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் நன்றிக்காகக் கட்டிய கோயில் என்று வேளாங்கண்ணிக்கு ஒரு மரபுக்கதை உண்டு. அதற்குக் கொஞ்சம் வடக்கே நாகூரில் கடலோடிகளின் காவலராக ஷாகுல் ஹமீது ஆண்டகை. சிங்கப்பூருக்கு வந்திறங்கிய தமிழ் முஸ்லிம்கள் 1828 தொடங்கி 1830க்குள் தெலுக் ஆயர் தெருவில் அவருக்கு ஒரு நாகூர் தர்காவைக் கட்டினார்கள். அதே தெருவில் சீனர்கள் கடல் தெய்வம் மாசுவுக்கு தியான் ஹோக் கெங் கோயிலை 1842இல் கட்டி முடித்தார்கள். கடலை மண் கொட்டி நிரப்புவதற்கு முன்னால் தெலுக் ஆயர்தான் கரை. கப்பலை விட்டு இறங்கினால் எதிரே சாமி.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பயணம் போகிறவர்களுக்கான தெய்வங்கள் என்கிறோம். நேர்ந்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் பயணம் போகாதவர்கள். கப்பலில் போனவன் கரையேறியதும் வேண்டுதலை மறந்துவிடலாம். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த அம்மாவால் மறக்க முடியாது.

தியோடோரா 1827இல் மணிலாவில் பிறந்தார். அங்கே சாந்தா ரோசா பெண்கள் பள்ளியில் படித்தார். ஸ்பானிய மொழி, கணக்கு, இலக்கியம் எல்லாம் தெரியும். அந்தக் காலத்துப் பிலிப்பினோப் பெண்ணுக்கு இது அபூர்வமான படிப்பு. பிரான்சிஸ்கோ மெர்காடோவைக் கல்யாணம் செய்துகொண்டு லகுனா மாகாணத்தின் கலம்பாவுக்குக் குடிபோனார். டொமினிக்கன் துறவிகளுக்குச் சொந்தமான பெரும் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் கரும்பும் விளைவித்த குடும்பம். தியோடோரா வீட்டோடு ஒரு சிறு கடையும் மாவு ஆலையும் நடத்தினார். 11 பிள்ளைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அந்த வீட்டில் இருந்ததாகச் சொல்வார்கள்.

ஏழாவது பிள்ளை ஹோசே. 1861 ஜூன் 19 அன்று பிறந்தார். பிரசவத்தில் தியோடோரா கிட்டத்தட்ட இறந்துபோனார். குழந்தைக்குத் தலை பெரிது. பிள்ளை பிழைத்தால் அன்டிபோலோவுக்குக் கூட்டிவருகிறேன் என்று அப்போது நேர்ந்துகொண்டார்.

நேர்ச்சையை நிறைவேற்ற ஏழு வருஷம் ஆனது. 1868 ஜூன் 6 அன்று ஏழு வயது நிரம்பப்போகும் ஹோசே அப்பாவுடன் கஸ்கோ படகில் ஏறி லகுனா ஏரியைக் கடந்தான். அவனுடைய வாழ்க்கையில் முதல் பயணம் அது. தியோடோரா அந்தப் படகில் இல்லை. அவர் அப்போதுதான் அடுத்த பெண்குழந்தை திரினிதாதைப் பெற்றிருந்தார். நேர்ந்துகொண்டவர் பிள்ளை பெற்ற உடம்போடு வீட்டில். நேர்ச்சையை முடித்தவர்கள் அப்பாவும் மகனும்.

வாழ்க்கை வரலாறுகளில் இது ஒரு வரிதான். 'மகனின் முதல் பயணம்' என்ற தலைப்புக்குள் வந்து போய்விடும். ஆனால் அந்தப் பயணம் யாருடையது? வேண்டுதல், பயம், வலி, கணக்கு எல்லாம் அம்மாவுடையவை. ஏரியைப் பார்த்தவர்கள் மட்டும் வேறு ஆட்கள்.

அந்த வீட்டின் இன்னொரு பெருமை விருந்தோம்பல். கலம்பாவுக்கு வரும் அதிகாரிகளுக்கும் சாமியார்களுக்கும் அங்கே சாப்பாடு உண்டு. அதுதான் பின்னால் வினையானது. ஊரில் இருந்த ஸ்பானிய சிவில் கார்டு அதிகாரி தன் குதிரைக்கு அந்த வீட்டில்தான் தீனி வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தீனி பற்றாக்குறை. தர முடியாது என்று பிரான்சிஸ்கோ சொல்லிவிட்டார். அந்தக் கோபம் உள்ளே கிடந்தது.

1870களின் தொடக்கத்தில் தியோடோராவின் தம்பி ஹோசே ஆல்பெர்தோ ஐரோப்பாவிலிருந்து திரும்பினார். மனைவி தன்னை விட்டு விலகியிருந்ததைக் கண்டு அவளைத் தள்ளிவைக்க நினைத்தார். தியோடோரா நடுவில் புகுந்து, குடும்ப மானம் போகும், மன்னித்து ஏற்றுக்கொள் என்று சமாதானம் செய்துவைத்தார். அந்த மனைவியே பிறகு, கணவரும் நாத்தனாரும் சேர்ந்து தன்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தார்கள் என்று புகார் கொடுத்தாள். அதிகாரிக்கு வாய்ப்பு கிடைத்தது. தியோடோராவைக் கைது செய்து, கலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை சுமார் 50 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். வண்டி வைத்துக்கொள்ளக் குடும்பத்துக்கு வசதி இருந்தும் அனுமதிக்கவில்லை. சிறையில் இரண்டரை வருஷம். முடிவில் குற்றமற்றவர் என்று விடுதலை. கைது செய்யக் காரணமானவர்கள் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் என்பதை ரிசாலின் வரலாற்றாசிரியர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்.

விருந்தோம்பலை நாம் இனிப்பான ஒரு குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். யார் வந்தாலும் கதவைத் திறக்கிற வீட்டுக்குள் எதிரியும் வரலாம். தியோடோரா அதைத் தெரியாமல் செய்தவர் இல்லை என்றுதான் தோன்றுகிறது. சிறையிலிருந்து வந்த பிறகும் அந்த வீட்டுக் கதவு மூடவில்லை.

மகன் வளர்ந்து ஐரோப்பா போனார். 1882 மே மாதம் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கி, தாவரவியல் தோட்டம் பார்த்து, கப்பல் மாறி, கொழும்பு வழியாகப் போனார். அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அதற்காகவே அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸில் லூயி தே வெக்கரிடமும் ஹைடல்பெர்க்கில் ஓட்டோ பெக்கரிடமும் பயிற்சி எடுத்தார்.

ஆனால் அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே கண்ணைவிடப் பெரிய ஒரு சிக்கல் இருந்தது. தியோடோரா ஜெபமாலை விடாத கத்தோலிக்கர். மகனுக்கு மூன்று வயதிலேயே எழுத்தையும் ஜெபத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். மகனோ துறவிகளின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டு எழுதத் தொடங்கினார். 1884இல் மாட்ரிட்டில் ரிசால் பேசிய ஒரு பேச்சு ஊரில் பரபரப்பானது. அந்த ஆண்டின் கடைசியில் தியோடோரா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்கு வேதனை தரும் விஷயங்களில் தலையிடாதே, கிறிஸ்தவனின் கடமையை விட்டுவிடாதே என்பது அதன் சாரம். 1887இல் வந்த 'நோலி மே தாங்கெரே' நாவலுக்குப் பிறகு திருச்சபையும் அரசும் வெளிப்படையாகவே எதிரிகள் ஆயின. குத்தகைத் தகராறில் கலம்பா வீட்டை விட்டே குடும்பம் வெளியேற்றப்பட்டது.

இங்கேதான் தியோடோராவை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. மகன் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக அவரைக் கைவிடவும் இல்லை. 1891 கடைசியில், 64 வயதில், ஹாங்காங்குக்குக் கப்பலேறி மகனிடம் போனார். அங்கே மகன் ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை செய்தார். அடுத்த ஆண்டு அவரை மிண்டனாவோ தீவின் டபிட்டானுக்கு நாடு கடத்தினார்கள். 1893இல் தியோடோரா அங்கேயும் போனார். இன்னொரு கண்ணுக்கும் சிகிச்சை நடந்தது. கட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் அவரே பிரித்துப் பார்த்துவிட்டார். கண்ணில் கிருமி தொற்றிக்கொண்டது. சொந்தக் குடும்பத்துக்கு டாக்டர் ஏன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று இப்போதுதான் புரிகிறது என்று ரிசால் அலுத்துக்கொண்டு எழுதினார். ஐரோப்பாவின் பெரிய டாக்டர்களிடம் படித்துவந்த மகன் பேச்சை அம்மா கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான்.

1896இல் பிலிப்பைன்ஸில் புரட்சி வெடித்தது. கியூபாவில் ராணுவ மருத்துவராகப் பணிபுரிய ரிசால் அப்போது ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தார். 'இஸ்லா தே பனாய்' என்ற கப்பல் செப்டம்பர் 7 மாலை சிங்கப்பூர் சேர்ந்தது. கூட வந்த பெத்ரோ ரோக்சாஸ் என்ற செல்வந்தர் மறுநாள் தன் மகனோடு இங்கே இறங்கிக்கொண்டார். நீயும் இறங்கு, ஆங்கிலேய மண், உன்னைத் தொட முடியாது என்றார். ஆளுநருக்கு வாக்கு கொடுத்திருக்கிறேன் என்று ரிசால் மறுத்துவிட்டார். அன்று செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். வேளாங்கண்ணியில் கொடியிறக்கம். சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் லூர்து மாதா கோயில் அப்போது எட்டு வயதுக் கோயில். மகன் இந்த ஊரில் இறங்கியிருந்தால் தியோடோராவின் மீதி வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

போகிற வழியிலேயே ரிசாலைக் கைது செய்தார்கள். பார்சிலோனாவிலிருந்து 'கொலோன்' கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். அது சிங்கப்பூரைத் தொட்டபோது, லண்டனில் இருந்த நண்பர்கள் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் ஹக் ஃபோர்ட் இங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். கப்பலில் ஸ்பானியத் துருப்புகள் இருந்ததால் அது அந்நிய அரசின் கப்பல், தன் அதிகாரத்துக்குள் வராது என்று தலைமை நீதிபதி லயனல் காக்ஸ் மனுவைத் தள்ளுபடி செய்தார். டிசம்பர் 29 அன்று தியோடோரா சாந்தியாகோ கோட்டைச் சிறையில் மகனைப் பார்த்தார். மகன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். காவலர்கள் இருவரையும் பிரித்தார்கள். மறுநாள் காலை சுட்டார்கள்.

உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. பாக்கோ கல்லறையில் ரகசியமாகப் புதைத்த இடத்தை அக்கா நார்சிசா தேடிக் கண்டுபிடித்தார். 1898இல் ஸ்பானிய ஆட்சி போனதும் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மணிலாவின் பினோண்டோ பகுதியில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1912 டிசம்பர் வரை குடும்பத்தாரிடமே இருந்தது அந்தப் பேழை. எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட அம்மாவின் குடும்பத்துக்கு அதுதான் கடைசி விருந்தாளி.

1900களில் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த பிலிப்பைன்ஸ் சட்டமன்றம் தேசிய நாயகரின் தாய்க்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் தர முன்வந்தது. தியோடோரா வேண்டாம் என்றார். எங்கள் குடும்பம் காசுக்காக நாட்டுப்பற்று காட்டவில்லை, அரசாங்கத்திடம் அவ்வளவு பணம் மிச்சமிருந்தால் வரியைக் குறையுங்கள் என்று சொன்னதாகப் பதிவு. 1911 ஆகஸ்ட் 16 அன்று இறந்தார்.

இந்தப் பதிலைப் பள்ளிப் புத்தகத்தில் சுயமரியாதைக்கு உதாரணமாக வைப்பார்கள். எனக்கு அதில் ஒரு கூர்மையான கணக்கு தெரிகிறது. ஒரு அம்மாவின் தியாகத்துக்கு விருது கொடுத்து முடித்துவிட்டால், மற்ற அம்மாக்கள் கட்டுகிற வரி அப்படியே இருக்கும். எனக்குத் தராதே, எல்லாருக்கும் குறை என்கிறார். தியாகம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

தியோடோரா பெயராவது மிஞ்சியது. அன்டிபோலோவுக்குக் கீழே, மணிலாவிலிருந்து வரும் பாதையில், கைன்டா என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பெயர் மிஞ்சாத அம்மாக்கள் இருந்தார்கள். அவர்கள் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1762இல் பிரிட்டன் ஸ்பெயினோடு போரில் இருந்தது. அட்மிரல் கார்னிஷ், வில்லியம் டிரேப்பர் தலைமையில் ஒரு படை மணிலாவைப் பிடிக்கக் கிளம்பியது. கிளம்பிய இடம் நம்ம சென்னப்பட்டினம். அதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் சில நூறு பேர். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. கைன்டா பக்கம் தங்கிவிட்டார்கள். அங்கேயே பெண் எடுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருப்பதாக ஊர் வரலாறு சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஊரைக் கொள்ளையடித்த படையோடு வந்தவன். மொழி தெரியாது, சாமி வேறு. அவனை வீட்டுக்குள் விட்டது யார்? ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும்தான் முடிவு செய்திருக்க வேண்டும். சிப்பாய்களைப் பற்றிக் கம்பெனி ஆவணங்கள் உண்டு. அந்த அம்மாக்களைப் பற்றி ஒரு தாள் கிடையாது. கைன்டா இன்று அரிசிப் பலகாரத்துக்குப் பேர்போன ஊர். டிசம்பர் 16இலிருந்து 24 வரை பிலிப்பினோக்கள் விடியலுக்கு முன் கோயிலுக்குப் போகும் 'சிம்பாங் காபி' நாட்களில், மூங்கில் குழாயில் வேகவைத்துத் தேங்காய்ப்பூ போட்ட 'புத்தோ பும்போங்' விற்பார்கள். பார்த்தால் நம்ம குழாய்ப்புட்டேதான். பெயரும் புட்டிலிருந்து மலாய் வழியாகப் போனது என்று சொல்பவர்கள் உண்டு. டிசம்பர் 16 என்றால் நமக்கும் கிட்டத்தட்ட மார்கழி ஒன்று.

அந்த அம்மாக்களின் பேத்திகள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் அரசு 1974இன் தொழிலாளர் சட்டத்தின் மூலம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை ஒரு கொள்கையாகவே ஆக்கியது. சிங்கப்பூர் 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களை அனுமதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ், இலங்கை, தாய்லாந்துப் பெண்கள் வந்தார்கள். 1868இல் அம்மா வீட்டில் இருந்தார், பிள்ளை படகேறினான். நூறு வருஷம் கழித்து அது தலைகீழானது. அம்மா விமானம் ஏறுகிறாள், பிள்ளை வீட்டில் இருக்கிறான். நேர்ச்சையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள்.

1988இல் பிலிப்பைன்ஸ் அதிபர் கொரசோன் அக்கினோ ஹாங்காங்கில் பணிப்பெண்கள் முன் பேசியபோது அவர்களைப் 'புதிய நாயகர்கள்' என்றார். 'பாகோங் பயானி' என்ற அந்தச் சொல் நிலைத்துவிட்டது. ஏழு வருஷம் கழித்து, 1995 மார்ச் 17 அன்று, நான்கு பிள்ளைகளின் தாயான ஃப்ளோர் கொன்டெம்பிளாசியோன் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். சக பணிப்பெண் ஒருவரையும் நான்கு வயதுச் சிறுவனையும் கொன்றதாக அவர்மீது தீர்ப்பு. அவர் குற்றவாளி இல்லை என்று பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கானோர் நம்பினார்கள். இரண்டு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அந்த ஜூன் மாதமே பிலிப்பைன்ஸ் தன் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக 8042ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஃப்ளோரின் சொந்த ஊர் சான் பாப்லோ. லகுனா மாகாணம். தியோடோராவை 50 கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போன அதே மாகாணம்.

இரண்டு வழக்குகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நாயகர் என்ற பட்டம் ஏழு வருஷத்தில் எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்று மட்டும் கேட்கிறேன். சட்டம் வந்தது ஒரு சாவுக்குப் பிறகு. சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில், திட்டம் தொடங்கி 35 வருஷம் கழித்து.

அந்த ஒரு நாளில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆர்ச்சர்ட் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் போதும். லக்கி பிளாசா சுற்றிலும், புல்வெளிகளிலும், அட்டையும் பாயும் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் பூசை, பிறகு ஊருக்குப் பணம் அனுப்புவது, பிறகு சாப்பாடு. டப்பாக்களில் பன்சித், அடோபோ, சோறு. பக்கத்தில் யார் போனாலும் 'கைன் தாயோ' என்பார்கள். வாங்க சாப்பிடலாம் என்று அர்த்தம். தெரியாத ஆளாக இருந்தாலும் சொல்வார்கள், சொல்லாமல் சாப்பிடுவது மரியாதை இல்லை. 2019 டிசம்பர் 29, ஒரு ஞாயிறு, லக்கி பிளாசா அருகே கூடியிருந்தவர்கள் மேல் ஒரு கார் மோதியதில் பிலிப்பினோப் பணிப்பெண்கள் இருவர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறும் பாய்கள் விரிந்தன.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். இல்லறவியலில் வருகிறது. அதாவது விருந்து என்றால் அதற்கு ஒரு வீடு வேண்டும், குடும்பம் வேண்டும் என்பது ஏற்பாடு. பாய் விரிக்கும் இந்தப் பெண்களுக்கு இந்த ஊரில் வீடு கிடையாது. இருப்பது வேறொருவர் வீட்டில் ஒரு அறை. ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அதே ஞாயிறு தேக்காவின் புல்தரையில் பிரியாணிப் பொட்டலத்தை நாலு பேராகப் பிரித்துச் சாப்பிடும் நம்ம ஆட்களுக்கும் அதே நிலைதான். துவாஸ் டார்மிட்டரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வருகிறார்கள், ஊர்க்காரன் ஒருவனோடு சேர்ந்து சாப்பிட. வீடில்லாதவர்களும் விருந்தோம்பலாம் என்று இரண்டு கூட்டமும் வாராவாரம் காட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் இரண்டையும் 'நெரிசல்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

துவாஸ் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். மலாய் மீனவர்கள் மரக்கிளைகளையும் தென்னை ஓலைகளையும் கடலில் பரப்பி நிழல் உண்டாக்குவார்களாம். வெயிலுக்கு ஒதுங்க மீன்கள் அந்த நிழலுக்கு வரும். பிறகு வலை. அந்த முறையிலிருந்து வந்த பெயர் இது. கைன்டாவில் சிப்பாய்க்குக் கிடைத்ததும் நிழல்தான். கலம்பாவில் அதிகாரியின் குதிரைக்குக் கிடைத்ததும் நிழல்தான். நிழல் விரித்தவர் யார், வலையை இழுத்தவர் யார் என்று பார்த்தால், வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

1901இல் அமெரிக்க ஆட்சி மணிலாவைச் சுற்றியிருந்த பகுதிகளைச் சேர்த்து ஒரு மாகாணம் அமைத்து, அதற்கு ரிசால் என்று பெயர் வைத்தது. அன்டிபோலோவும் கைன்டாவும் அதற்குள்தான் இருக்கின்றன. தியோடோரா அப்போது உயிரோடு இருந்தார். ஒரு பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்ட மலைக்கே அந்தப் பிள்ளையின் பெயரை வைத்தார்கள். பணம் தருகிறோம் என்று வந்தபோது, அவர் வரியைக் குறைக்கச் சொன்னார்.